புகைப்புரையும் விறகும்: அருமனை வட்டாரத்து ரப்பர்த் தொழிலின் வெப்பக் கணக்கு

தொழில்துறையில் ஆற்றல் சிக்கனம் பற்றிய பேச்சு பெரும்பாலும் மின்சாரத்தைச் சுற்றியே நடைபெறுகிறது. ஆயினும் உலகத் தொழிற்கூடங்கள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வெப்பமாகவே செலவாகிறது. உலர்த்துதல், வேகவைத்தல், வறுத்தல், சுடுதல், உருக்குதல் ஆகிய பழமையான வேலைகளே இன்றும் எரிபொருளில் பெரும்பங்கை விழுங்குகின்றன. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கே, கேரள எல்லையை ஒட்டி விளவங்கோடு வட்டத்தில் அமைந்த அருமனை போன்ற ஊர்களில் இந்த உண்மையை எந்தப் புள்ளிவிவரமும் இல்லாமலே உணர முடிந்தது. அங்கு 1980களிலும் 1990களிலும் வளர்ந்த தலைமுறைக்குத் தொழில் என்பது ரப்பரும் முந்திரியும். அவ்விரண்டையும் விற்பனைக்கு உரிய பொருளாக மாற்றிய ஆற்றல், கம்பியில் வந்த மின்சாரத்தைவிட அடுப்பில் எரிந்த விறகிலும் முந்திரித் தோட்டிலுமே மிகுதியாக இருந்தது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரமான இப்பகுதி பழைய திருவிதாங்கூர் அரசின் நிலம். 1956 நவம்பர் 1 அன்று, இன்றைய தமிழ்நாடான அப்போதைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் பெய்யும் அரிய நிலப்பகுதியாதலால் ரப்பர் இங்கு நன்கு வேரூன்றியது. தமிழ்நாட்டு ரப்பரின் பெரும்பகுதி இம்மாவட்டத்திலேயே விளைகிறது. 1984இல் உருவான அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள் மலையோரத்தில் பரந்து கிடக்க, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர் குடும்பங்கள் பல அவற்றில் வேலை பெற்றன. ஆனால் அருமனை, மேல்புறம், கடையாலுமூடு, களியல், குலசேகரம் எனத் தொடரும் ஊர்களின் வாழ்வை உருவாக்கியவர்கள் சிறு விவசாயிகள். வீட்டைச் சுற்றியுள்ள சில ஏக்கரில், சில வேளைகளில் சில சென்ட் நிலத்தில் மட்டுமே, ரப்பர் வைத்திருந்தவர்கள்.

அந்தச் சிறு தோட்டங்களின் நாள்வழக்கம் இக்கட்டுரையாளரின் தலைமுறையினருக்கு நன்கு நினைவிருக்கும். பொழுது விடிவதற்கு முன்பே வெட்டுக்காரர் நெற்றியில் கட்டிய விளக்குடன் மரந்தோறும் சென்று பட்டையைச் சாய்வாகச் சீவுவார். பால் சிரட்டையில் வடியும். வெயில் ஏறியதும் அது வாளிகளில் சேகரிக்கப்பட்டு வீட்டுக்கு வரும். தோட்டத்துப் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், எஞ்சியதில் பெரும்பகுதி தண்ணீர். வந்த பாலை வடிகட்டி, மேலும் தண்ணீர் சேர்த்து இளக்கி, அலுமினியத் தட்டுகளில் ஊற்றி, ஃபார்மிக் அமிலம் சில துளிகள் கலந்து உறையவிடுவார்கள். உறைந்த வெள்ளைக் கட்டி முதலில் வழவழப்பான ரோலரிலும் பின்னர் கோடு விழும் ரோலரிலும் நசுக்கப்பட்டு, ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனமுள்ள விரிப்பாக வெளிவரும். இதைத்தான் ஊரார் ஷீட் என்பர். இதைச் செய்வது ஷீட் அடித்தல். அந்தக் கோடுகள் அழகுக்காகப் போடப்படுபவை அல்ல. அவை ஷீட்டின் மேற்பரப்பை விரிவாக்கி ஈரம் விரைவாக வெளியேற வழிசெய்கின்றன.

அடுத்து வருவது புகைப்புரை. புரை என்பது இவ்வட்டாரத்தில் கொட்டகையையோ சிறு கட்டடத்தையோ குறிக்கும். புகைப்புரை என்பது ஈர ஷீட்டுகளை மூங்கில் கழிகளில் வரிசையாகத் தொங்கவிட்டு, கீழேயோ வெளிப்புறத்திலோ உள்ள உலையிலிருந்து புகையும் வெப்பமும் செலுத்தி உலர்த்தும் அறை. உள்ளே முதல் நாள் ஏறத்தாழ 40 முதல் 45 பாகை செல்சியசும், பின்வரும் நாட்களில் படிப்படியாக உயர்ந்து 60 பாகை வரையும் வெப்பம் இருக்க வேண்டும். நான்கைந்து நாட்களில் ஷீட் தேன்நிறம் பெற்று ஒளி ஊடுருவும் தன்மையுடன் வெளிவரும். புகைக்கு இங்கே இரண்டு வேலைகள் உண்டு: ஒன்று வெப்பத்தைச் சுமந்து வருவது, மற்றொன்று அதிலுள்ள ஃபீனால் வகைச் சேர்மங்கள் ஷீட்டின் மீது படிந்து பூஞ்சை பிடிக்காமல் காப்பது. இரண்டு பருவமழைகளுக்கும் நடுவில் காற்று எப்போதும் ஈரமாகவே இருக்கும் ஊரில் இந்த இரண்டாவது வேலை சிறியதன்று. புகை ஏறாத ஷீட் சில நாட்களிலேயே வெண்பூஞ்சை படர்ந்து, சந்தையில் தரம் இறங்கிக் குறைந்த விலைக்கே போயிற்று.

ஒரு கிலோ உலர்ந்த ரப்பருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ விறகு என்பது பழைய வகைப் புகைப்புரைகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பராமரிப்பு குறைந்த இடங்களில் அது இன்னும் கூடும். இக்கணக்கு அக்காலத்தில் யாரையும் உறுத்தவில்லை. 25 அல்லது 30 ஆண்டுகளில் பால் வற்றிய ரப்பர் மரங்கள் வெட்டப்படும்போது விறகு மலிவாகக் கிடைத்தது. பலருக்கு அது சொந்தத் தோட்டத்து விறகு, எனவே செலவுக் கணக்கிலேயே ஏறவில்லை. விலை கொடுக்காமல் கிடைக்கும் எரிபொருளை எவரும் அளந்து பார்ப்பதில்லை என்பது உலகமெங்கும் சிறுதொழில்களில் காணப்படும் நிலை. அருமனையும் அதற்கு விலக்காக இருக்கவில்லை.

அந்த ஒரு கிலோ விறகு உண்மையில் எங்கே போகிறது என்பதைக் காகிதத்தில் போட்டுப் பார்ப்பது பயனுள்ளது. வெப்பத்தை அளக்கும் அலகுகளில் ஒன்று கிலோஜூல். ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த நான்கு கிலோஜூலுக்குச் சற்று மேல் தேவைப்படும். ஆனால் தண்ணீரை ஆவியாக்குவதற்கு மிகப் பெரிய வெப்பம் வேண்டும். புகைப்புரையின் வெப்பநிலையில் ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் செல்லும். நன்கு நசுக்கி, நிழலில் தொங்கவிட்டு நீர் சொட்டி முடிந்த ஷீட்டில் ஒரு கிலோ ரப்பருக்கு 400 கிராம் தண்ணீர் எஞ்சியிருப்பதாகக் கொண்டால், அதை வெளியேற்ற ஆயிரம் கிலோஜூலுக்கும் குறைவான வெப்பமே போதும். காய்ந்த விறகு ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ 15,000 கிலோஜூல் வெப்பம் பிறக்கும். ஆகவே உலையில் பிறக்கும் வெப்பத்தில் பதினைந்தில் ஒரு பங்குதான் ஷீட்டை உலர்த்தும் வேலையைச் செய்கிறது. மற்றதெல்லாம் சுவர் வழியாகவும், கூரைத் துளைகள் வழியே வெளியேறும் சூடான காற்றாகவும், சரியாக எரியாத கரும்புகையாகவும், விறகிலேயே இருக்கும் ஈரத்தை ஆவியாக்குவதிலும் கரைந்துபோகிறது.

இந்த இழப்பு முழுவதையும் தடுத்துவிட முடியாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ரப்பர் ஈரத்தை எளிதில் விட்டுவிடும் பொருள் அன்று. மேற்பரப்பு காய்ந்த பிறகு உள்ளே சிக்கிய ஈரம் மிக மெதுவாகவே வெளியே கசிந்து வருகிறது. அந்த மெதுவான கசிவுக்காகவே நான்கைந்து நாட்கள் அறையைச் சூடாக வைத்திருக்க வேண்டியிருக்கிறது. இங்கேதான் இக்கட்டுரையின் மையமான செய்தி இருக்கிறது. இவ்வாறு உள்ளிருந்து கசியும் ஈரம் வெளியேற எடுக்கும் காலம், பொருளின் கனத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்பது இயற்பியல் விதி. அதாவது கனம் இரண்டு மடங்கானால் காலம் இரண்டு மடங்காக அன்றி, நான்கு மடங்காகும். 3 மில்லிமீட்டராக இருக்க வேண்டிய ஷீட் அவசரத்தில் 4 மில்லிமீட்டராக அடிக்கப்பட்டால், உள்ளீரம் வெளியேறும் காலம் ஏறத்தாழ முக்கால் பங்கு கூடிவிடும். அந்தக் கூடுதல் நாட்கள் முழுவதும் உலையில் விறகு எரிய வேண்டும். எனவே புகைப்புரையின் விறகைச் சேமிக்கும் முதல் இடம் உலை இல்லை, அதற்கு முன்னால் நிற்கும் ரோலர். இன்னும் இரண்டு முறை கையால் சுற்றும் உழைப்பு, ஓர் இரவு நிழலில் நீர் சொட்டவிடும் பொறுமை, வெயில் உள்ள நாளில் முதல் நாள் ஈரத்தை வெயிலுக்கு விட்டுக்கொடுக்கும் முன்யோசனை ஆகிய மூன்றும் ஒரு பைசா எரிபொருள் இல்லாமல் தண்ணீரை வெளியேற்றுகின்றன.

இந்த விதிகளை எவரும் கற்பிக்காமலே அறிந்திருந்த மனிதர்கள் அவ்வூர்களில் இருந்தார்கள். பக்கத்து வீடுகளின் ஷீட்டையும் கூலிக்குப் புகைபோட்டுக் கொடுத்த முதியவர் ஒருவரின் பழக்கங்கள் இக்கட்டுரையாளரின் நினைவில் நிற்கின்றன. கனமாக அடித்த ஷீட்டை அவர் விரலால் நெருடிப் பார்த்தே திருப்பி அனுப்பிவிடுவார். பச்சை விறகை உலையருகில் சேர்க்கவே மாட்டார். ஒரு பருவம் முழுவதும் கூரைக்கடியில் அடுக்கிக் காய்ந்த கட்டைகளே அவருக்கு விறகு. வெட்டியவுடன் ரப்பர் மரத்தின் எடையில் கணிசமான பகுதி தண்ணீராகவே இருப்பதால், அவரது இந்தப் பிடிவாதத்தின் நியாயம் எந்த வெப்பவியல் நூலுக்கும் குறைந்ததன்று. முதல் நாள் கூரைத் துளைகளை முழுவதும் திறந்து ஈரக்காற்றை வெளியேற்றுவார். மூன்றாம் நாள் அவற்றைப் பாதியாக அடைத்து வெப்பத்தை உள்ளே நிறுத்துவார். விறகை அள்ளிப்போடும் சிறுவர்களிடம், "தீ ஆளப்புடாது மக்களே, கனல் இருந்தா மதி" என்பார்; தீ கொழுந்துவிட வேண்டாம், கனலே போதும் என்று பொருள். கொழுந்துவிட்டு எரியும் தீயில் அறை 60 பாகையைத் தாண்டினால் ஷீட்டினுள் கொப்புளங்கள் எழும். கொப்புளம் எழுந்த ஷீட் உயர்தரத்தில் சேராது. விறகு கூடுதலாக எரிந்ததும் விலை குறைந்ததும் ஒரே தவற்றின் இரு பக்கங்கள் என்பதை அவர் தம் தொழிலிலிருந்தே அறிந்திருந்தார். ஆற்றல் சேமிப்பும் தரமும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று எண்ணுவோருக்கு அவருடைய புகைப்புரை நல்ல மறுமொழியாக அமைந்திருந்தது.

எல்லாரிடமும் தனிப் புகைப்புரை இருக்கவில்லை. நாளைக்கு நான்கைந்து ஷீட் மட்டும் அடிக்கும் வீடுகளில் அடுக்களையில் அடுப்புக்கு மேலே கயிறுகட்டி அவை தொங்கவிடப்பட்டன. சமையலுக்கு எரியும் தீயிலேயே ரப்பரும் உலர்வதால் அது சிக்கனமாகத் தோன்றும். ஆனால் ஷீட் உலர வேண்டும் என்பதற்காகவே சமையல் முடிந்த பின்னும் ஈரவிறகும் தேங்காய்த் தொண்டும் புகைய விடப்பட்டன. அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் வீட்டுப் பெண்கள். இருமலும் கண்ணெரிச்சலும் அவர்களுடைய வாழ்வில் இயல்பாகக் கலந்துவிட்டிருந்தன. அவற்றை ரப்பரின் உற்பத்திச் செலவில் எவரும் சேர்த்ததில்லை. வெளியேற்றம் என்ற சொல் இன்று வானத்தை நோக்கியே பேசப்படுகிறது. அது முதலில் போய்ச் சேர்ந்த இடம் அந்த அடுக்களைகள் என்பதை மறந்துவிடக் கூடாது.

விறகிலிருந்து வரும் கரியமில வாயுவைப் பற்றி ஒரு வாதம் உண்டு. வெட்டிய இடத்தில் மீண்டும் ரப்பர் நடப்படுவதால், எரிந்து வெளியேறிய கரியை அடுத்த மரம் உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே நிலக்கரியோடு விறகை ஒப்பிடக் கூடாது என்பது அவ்வாதம். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் முழு உண்மை இல்லை. மூச்சடைத்து எரியும் உலை கரியமில வாயுவோடு நின்றுவிடாமல் கரித்துகளையும் கார்பன் மோனாக்சைடையும் கக்குகிறது. மேலும் ரப்பர் மரம் முன்போல விறகுக்கு மட்டும் உரியதாக இன்று இல்லை. பதப்படுத்திய ரப்பர்ப்பலகை கதவாகவும் மேசையாகவும் ஒட்டுப்பலகையாகவும் மாறுகிறது. உலையில் எரியும் மரம் ஒரே நாளில் விடுவிக்கும் கரியை, மேசையாக மாறிய மரம் பல பத்தாண்டுகள் தன்னுள் வைத்துக்கொள்கிறது. எரியும் விறகையே குறைக்கவும் வழியுண்டு: தாய்லாந்தின் தென்பகுதியில் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தும் பெரிய புகையறைகளில் காற்றோட்டத்தை ஆராய்ந்து, காற்று நுழையும் வழிகளையும் வெளியேறும் வழிகளையும் மாற்றியமைத்தால் விறகும் குறையும், ஷீட்டும் சீராக உலரும் என்று அங்குள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அருமனையின் முதியவர் கூரைத் துளைகளைத் திறந்து மூடியதும் அதே அறிவுதான்.

ரப்பருக்கு அடுத்து இவ்வட்டாரத்தின் வெப்பத்தை உண்ட தொழில் முந்திரி. கொல்லத்துத் தொழிலின் தொடர்ச்சியாக மார்த்தாண்டம், கருங்கல், குலசேகரம் பகுதிகளில் பெருகிய முந்திரி ஆலைகளை மக்கள் அண்டி ஆபீஸ் என்றே அழைத்தார்கள். அங்கே வேலைசெய்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். பழைய முறையில் கொட்டை சுழலும் உருளைக்குள் வறுக்கப்பட்டது. முந்திரித் தோட்டில் அதன் எடையில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு எண்ணெய் இருப்பதால் அது தானே தீப்பிடித்து எரியும். வெளி எரிபொருள் அதிகம் தேவைப்படாது. ஆற்றல் கணக்கை மட்டும் பார்த்தால் இதைவிடச் சிக்கனமான முறை இல்லை. ஆனால் அந்த உருளைகளிலிருந்து எழுந்த கறுத்த, காரமான புகை சுற்றியிருந்த வீடுகளையும் பள்ளிகளையும் மூடியது. சாம்பல் பூசிய கைகளால் கொட்டை உடைத்த பெண்களின் விரல்கள் தோட்டெண்ணெயால் புண்பட்டன. பின்னர் வந்த நீராவி முறையில் கொதிகலனில் கொட்டை வேகவைக்கப்பட்டு, ஆறிய பிறகு காலால் இயக்கும் வெட்டுக்கருவியில் உடைக்கப்படுகிறது. பருப்பு போர்மா எனப்படும் சூடான காற்றறையில் உலர்ந்து தோல் நீங்குகிறது. கொதிகலனுக்கும் போர்மாவுக்கும் எரிபொருள் வேண்டும், ஆனால் தோடு எரிந்து வீணாகாமல் எண்ணெய் பிழியப்பட்டு விற்பனையாகிறது, பிழிந்த சக்கை எரிபொருளாகிறது. எரிபொருள் எவ்வளவு என்பதை மட்டும் கணக்கிட்டு, அது எவ்வாறு எரிகிறது, யாருடைய நெஞ்சில் படிகிறது என்பதை விட்டுவிடும் எந்தச் சிக்கனமும் அரைகுறையானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆற்றல் சிக்கனத்துக்கெனவே இந்திய நாடாளுமன்றம் 2001இல் ஆற்றல் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அதன்படி 2002இல் ஆற்றல் திறன் பணியகம் அமைந்தது. 2012இல் தொடங்கிய, ஆற்றல் சிக்கன இலக்கை விஞ்சுவோருக்கு விற்கத்தக்க சான்றிதழும் எட்டாதோருக்கு அதை வாங்கும் கடமையும் விதிக்கும் திட்டம், முதல் சுற்றில் சிமென்ட், இரும்பு, உரம், காகிதம், நெசவு, அனல்மின் உள்ளிட்ட எட்டுத் துறைகளின் 478 பெரிய ஆலைகளைத் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. இது நன்மை விளைவித்த திட்டம். அதைக் குறை கூறுவது இங்கு நோக்கமில்லை. ஆனால் அளவு பார்த்தே ஆலைகளைத் தேர்ந்தெடுக்கும் சட்டத்தின் கண்ணுக்குப் புகைப்புரையும் போர்மாவும் தெரிவதில்லை. தனித்தனியே அற்பமானவையாகவும் கூட்டாகச் சேர்த்தால் ஒரு வட்டாரத்தின் விறகையும் காற்றையும் தீர்மானிப்பவையாகவும் உள்ள உலைகள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இதே மாவட்டத்தின் கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் சுழல்கின்றன, வடக்கே கோதையாற்றில் நீர்மின் நிலையங்கள் இயங்குகின்றன; தூய மின்சாரத்துக்கு இவ்வளவு கொடுத்த மாவட்டத்தின் தொழில்வெப்பம் மட்டும் நூறாண்டுகளுக்கு முந்தைய உலையிலேயே நின்றுவிட்டது.

ரப்பர் விலை 2011இல் கிலோவுக்கு 200 ரூபாயைத் தாண்டி, 2016இன் தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே விழுந்தபோது இவ்வட்டாரத்தில் ஒரு மாற்றம் விரைவுபட்டது. ஷீட் அடிக்கும் கூலி கட்டுப்படியாகாத விவசாயிகள் பாலாகவோ, சிரட்டையிலேயே உறைந்த கட்டியாகவோ விற்கத் தொடங்கினார்கள்; பல புகைப்புரைகள் பூட்டப்பட்டன, சில கோழிக்கூடுகளாயின. ஊரின் காற்று தெளிந்தது உண்மை. ஆனால் உலர்த்தும் வேலை மறைந்துவிடவில்லை, இடம் மாறியது. உறைகட்டி தொழிற்சாலைக்குச் சென்று, துருவலாக்கிக் கழுவப்பட்டு, 100 பாகைக்கு மேற்பட்ட சூடான காற்றில் சில மணி நேரத்தில் உலர்ந்து கட்டி ரப்பராகிறது. அந்தச் சூடு டீசலிலிருந்தோ வேறு எரிபொருளிலிருந்தோ வருகிறது, துருவும் எந்திரங்களுக்கு மின்சாரமும் மிகுதியாக வேண்டும். பால் மையவிலக்கு எந்திரத்தில் செறிவூட்டப்படுகிறது, அதற்கும் மின்சாரம். ஓர் ஊரின் புகை குறைந்ததை வெளியேற்றம் குறைந்ததாக எழுதிக்கொள்வது பிழையான கணக்கு. பொருள் கடந்துவரும் முழு வழியிலும் எரிந்ததைக் கூட்டிப் பார்த்த பிறகே அப்படிச் சொல்ல உரிமை உண்டு.

பூட்டிய புகைப்புரைகளுக்கும் தொலைதூரத் தொழிற்சாலைக்கும் நடுவில் ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து ரப்பர் வாரியத்தின் ஊக்கத்தால் ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்கள் உருவாகின. பல விவசாயிகளின் பாலை ஓரிடத்தில் சேர்த்து, ஒரே கனத்தில் ஷீட் அடித்து, ஒரே புகைப்புரையில் உலர்த்துவதே அவற்றின் கூட்டுப் பதப்படுத்தும் நிலையங்களின் நோக்கம். பாதி நிறைந்த பத்து அறைகளைச் சூடாக்குவதைவிட நிறைந்த ஓர் அறையைச் சூடாக்குவதில் சுவர்வழி இழப்பு மிகக் குறைவு. கூரையில் வெயிலைப் பிடிக்கும் கண்ணாடிப் பரப்பை அமைத்துப் பகல் வெப்பத்தை அங்கிருந்தும் இரவு வெப்பத்தை விறகிலிருந்தும் பெறுவது தனி வீட்டுக்குக் கட்டுப்படியாகாது, சங்கத்துக்குக் கட்டுப்படியாகும். அடுக்களையில் ஷீட் தொங்க வேண்டிய தேவையும் அதோடு நீங்கும்.

இதற்குத் தேவையான முதல் கருவி தராசு. அருமனை, மேல்புறம், களியல் பகுதிகளில் இன்றும் புகைப்புரை நடத்துபவர்களும் உற்பத்தியாளர் சங்கங்களும் உலையில் இடும் விறகையும் வெளிவரும் ஷீட்டையும் ஓராண்டு எடைபோட்டு எழுதிவைக்க வேண்டும். ஷீட்டின் கனத்தையும் விறகின் உலர்நிலையையும் அதே ஏட்டில் குறிக்க வேண்டும். ரப்பர் வாரியமும் மாவட்டத் தொழில் மையமும் அந்த ஏடுகளைக் கேட்டு வாங்கி, சிறு உலைகளுக்கென ஒரு திட்டத்தை அவற்றின் அடிப்படையில் வகுக்க வேண்டும். கனலின் அளவைக் கையால் அறிந்த தலைமுறையில் இன்னும் சிலரேனும் உயிரோடு இருக்கும்போதே இந்தப் பணி தொடங்கப்பட வேண்டும்.